பவளத்திட்டுக்கு மேலே சுற்றுலா விமானங்கள்: உயரத்தை மட்டும் அளந்தால் போதுமா?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தள்ளி, ஹார்டி ரீஃப் என்ற பெரிய பவளத்திட்டுக்குள், சின்னதாக ஒரு பவளக்கூட்டம் இதய வடிவத்தில் வளர்ந்து நிற்கிறது. குறுக்கே சுமார் 17 மீட்டர்தான் இருக்கும். 1975இல் அந்தப் பக்கமாகப் பறந்த ஒரு விமானியின் கண்ணில் பட்ட பிறகுதான் வெளியுலகம் அதை அறிந்தது. அங்கே நீந்தவோ முக்குளிக்கவோ அனுமதி கிடையாது. பக்கத்தில் உள்ள மிதவைத் தளத்தில் ஹெலிகாப்டரில் இறங்கி, கண்ணாடி அடித்தளப் படகில் அருகே போய்ப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முழு வடிவமும் தெரியவேண்டும் என்றால் வானத்திலிருந்துதான் பார்க்கவேண்டும்.

இப்படி ஒரு காட்சி இருந்தால் அதைச் சுற்றி ஒரு தொழில் வளராமல் இருக்குமா? அந்தத் திட்டுக்கும் கரைக்கும் இடையே உள்ள விட்சண்டே தீவுக்கூட்டத்தில் 74 தீவுகள் இருக்கின்றன. கரையிலுள்ள ஏர்லி பீச் என்ற ஊரிலிருந்தும் ஹாமில்டன் தீவிலிருந்தும் கிளம்பும் சிறுவிமானங்களும் ஹெலிகாப்டர்களும் நீர்விமானங்களும் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகின்றன: 7 கி.மீ. நீள வெண்மணல் கரையான வைட்ஹேவன், அதன் முனையில் மணலும் நீரும் சுழித்துக் கலக்கும் ஹில் இன்லெட், அப்புறம் ஹார்டி ரீஃப், இதயத்தின் மேல் ஒரு வட்டம், திரும்பி வீடு.

இதைப் பவளத்தைத் தொடாத சுற்றுலா என்று சொல்வார்கள். நங்கூரம் போடுவதில்லை, யாரும் பவளத்தை மிதிப்பதில்லை, உடம்பில் பூசிய கிரீம் கடலில் கரைவதில்லை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஓர் இயற்கை இடத்தைக் கெடுக்க அதைத் தொட்டாகவேண்டும் என்பதில்லை. ஓசையும் நிழலும், நாள் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் வரிசையும் போதும். இதைக் கட்டுப்படுத்த உலகெங்கும் முதலில் எழுதப்படுவது உயர விதி: இத்தனை அடிக்குக் கீழே வராதே என்பது. எழுதுவதற்கு அதுதான் எளிது. ஆனால் ஒவ்வொரு விமானமும் விதியை மீறாமல் பறந்தும் ஓரிடம் தன் இயல்பை இழந்துவிட முடியும். உயரத்தைப் போலவே எண்ணிக்கையையும் இடத்தையும் காலத்தையும் ஆள வேண்டியிருக்கிறது. அதற்கான துணிவுதான் பல நாடுகளிடம் குறைவாக இருக்கிறது.

வானத்துக்கு யார் பொறுப்பு?

கடலையும் அதன் உயிர்களையும் காப்பது ஒரு துறை, விமானம் பறப்பதை ஒழுங்குபடுத்துவது இன்னொரு துறை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விமானத் துறையின் குறைந்தபட்ச உயர விதிகள் மனிதப் பாதுகாப்புக்காக எழுதப்பட்டவை. எஞ்சின் நின்றுபோனால் இறங்க இடம் வேண்டும், கீழே இருப்பவர் தலையில் விழக்கூடாது என்பதுதான் அவற்றின் கவலை. ஆஸ்திரேலியாவில் ஊர்களுக்கு மேலே 1000 அடி, ஆளில்லாத இடங்களுக்கு மேலே 500 அடி என்பது பொதுவான வரம்பு. முட்டையிட்டு அடைகாக்கும் பறவைத் தீவும் இந்தக் கணக்கில் ஆளில்லாத இடம்தான்.

ஹார்டி ரீஃபையும் உள்ளடக்கிய கிரேட் பேரியர் ரீஃப் கடல் பூங்கா இதில் கொஞ்சம் முன்யோசனையோடு அமைக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இந்தப் பூங்காவின் பரப்பு 3,44,400 சதுர கி.மீ. அதன் எல்லை கடல்மட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. கடலடித் தரைக்குக் கீழே 1000 மீட்டர் வரையும், நீர்ப்பரப்புக்கு மேலே 915 மீட்டர், அதாவது 3000 அடி வரையும் பூங்காதான். சுற்றுலா விமானங்கள் பறப்பது பெரும்பாலும் இந்த அடுக்குக்குள்தான். பூங்கா ஆணையம் அந்த வானத்தைப் பற்றிப் பேசும்போது வேறொருவர் வீட்டு விஷயத்தில் தலையிடுவதாக ஆகாது. பூங்கா வேலியை மேல்நோக்கியும் போட்ட இந்த ஒரு முடிவு எவ்வளவு பெரியது என்பது அமெரிக்காவைப் பார்த்தால் புரியும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சேனல் தீவுகள், மான்டரே விரிகுடா, ஃபாரலோன்ஸ், ஒலிம்பிக் கடற்கரை என நான்கு கடல் சரணாலயங்களில் தாழப் பறப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. முதல் மூன்றிலும் குறிப்பிட்ட பகுதிகளுக்கு மேலே 1000 அடி, ஒலிம்பிக் கடற்கரையில் 2000 அடி. ஆனால் அந்நாட்டில் வான்வெளியை ஆளும் அதிகாரம் கூட்டாட்சி விமானத் துறையிடம் மட்டுமே இருக்கிறது என்று விமானிகள் அமைப்புகள் நெடுங்காலம் வாதிட்டன. கடலை நிர்வகிக்கும் துறைக்கு விமானத்தை “இங்கே பறக்காதே” என்று சொல்ல உரிமை ஏது என்பது அவர்கள் கேள்வி. 2012இல் வந்த திருத்தம் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டது. அந்த விதி பறப்பதைத் தடை செய்யவில்லை. கடற்பறவைகளையும் கடல் பாலூட்டிகளையும் தொந்தரவு செய்வதைத் தடை செய்தது. குறித்த உயரத்துக்குக் கீழே பறந்தாலே தொந்தரவு செய்ததாகக் கருதப்படும் என்றது. தொந்தரவு செய்யவில்லை என்றால் அதை நிறுவவேண்டியது விமானியின் பொறுப்பு. கூடவே, விமானிகள் கையில் வைத்திருக்கும் வான்வழி வரைபடங்களிலும் இந்தப் பகுதிகள் குறிக்கப்பட்டன. விமானி சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பறப்பதில்லை, வரைபடத்தைத்தான் வைத்திருப்பார். அந்த வரைபடத்தில் இல்லாத விதி நடைமுறையில் இல்லாத விதிதான்.

பறவைக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன ஆகிறது?

மணல்திட்டில் கூடுகட்டும் ஆலா என்னும் கடற்பறவைகள் நெருக்கமாக, ஆயிரக்கணக்கில் தரையிலேயே முட்டையிடுபவை. கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, மணலில் ஒரு சிறு பள்ளம் அவ்வளவுதான். பெற்ற பறவை தன் உடம்பாலேயே முட்டைக்கு நிழல் தருகிறது. அது திடுக்கிட்டு எழுந்து பறந்தால் வெப்பமண்டல வெயிலில் முட்டையும் குஞ்சும் சில நிமிடங்களுக்கு வெட்டவெளியில் கிடக்கும். கடற்காகங்கள் காத்திருப்பதே இதற்குத்தான். ஒரு பறவை எழுந்தால் பக்கத்தில் இருப்பதும் எழும். காலனி முழுவதும் ஒரே வீச்சில் வானத்துக்குப் போய்விடும். கெய்ர்ன்ஸுக்கு அப்பால் உள்ள மைக்கேல்மஸ் கே என்ற சிறு மணல்திட்டு இப்படிப்பட்ட ஒரு பெரிய காலனி. சுற்றுலாப் பயணிகளும் அங்கே போகிறார்கள், ஆனால் கரையில் ஒரு சிறு பகுதியோடு நின்றுகொள்ள வேண்டும்.

ஓசை எந்த அளவைத் தாண்டினால் பறவை எழுகிறது? கிரேட் பேரியர் ரீஃபிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். பதிவு செய்த விமான ஓசையை 65 முதல் 95 டெசிபெல் வரை வெவ்வேறு அளவில் கூடுகட்டும் கொண்டை ஆலாக்களுக்கு ஒலிபரப்பிப் பார்த்த ஆய்வு 1990இல் வெளியானது. ஓசை கேட்டதும் ஏறக்குறைய எல்லாப் பறவைகளும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. பறக்க ஆயத்தமாவதும் எழுந்து போவதும் 85 டெசிபெல்லைத் தாண்டியபோதுதான் தெரிந்தது. அது வெறும் ஓசை, கண்ணெதிரே விமானம் இல்லை. உண்மையான விமானத்தில் உருவமும் அசைவும் சேர்ந்து வரும். மேலே வட்டமிடும் எதையும் கடற்கழுகாக எண்ணி அஞ்சிப் பழகிய உயிர்களுக்கு அது கூடுதல் அச்சம்.

கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டெவில்ஸ் ஸ்லைடு ராக் என்ற பாறை இருக்கிறது. அங்கே கூடிவந்த மர் என்னும் கடற்பறவைக் கூட்டம் மீன்வலைகளாலும் 1986இல் ஏபெக்ஸ் ஹூஸ்டன் கப்பலிலிருந்து சிந்திய எண்ணெயாலும் அடியோடு இல்லாமல் போனது. பொம்மைப் பறவைகளை நிறுத்தி, அவற்றின் குரலை ஒலிபரப்பி அழைத்ததில் 1996இல் 6 ஜோடிகள் மட்டும் திரும்பிவந்து முட்டையிட்டன. மர் பறவை ஒரே ஒரு முட்டையை வெறும் பாறை விளிம்பில் இடும். பதறி எழும்போது காலில் தட்டுப்பட்டு அது உருண்டுவிட்டால் பெரும்பாலும் அந்த ஆண்டு முடிந்தது. இப்படி ஆறு ஜோடியிலிருந்து மீண்டெழும் இடத்துக்கு மேலே, கரையழகு பார்க்க ஒரு ஹெலிகாப்டர் தாழ வந்தால் என்ன இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கரையில் பாறைகளைக் கண்காணிப்பவர்கள் படகையும் விமானத்தையும் சேர்த்தே எண்ணுவது அதனால்தான்.

திமிங்கிலத்தின் கதை வேறு. காற்றிலிருந்து நீருக்குள் ஓசை அவ்வளவு எளிதாகப் புகுவதில்லை. காற்றில் ஓசை நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர், கடல்நீரில் ஏறக்குறைய 1500 மீட்டர் வேகத்தில் போகிறது. இந்த வேறுபாட்டால், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 13 பாகைக்குள் வந்து விழும் ஓசைதான் அமைதியான கடலில் உள்ளே இறங்கும். மீதி மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். அதாவது விமானத்துக்கு நேர் கீழே ஒரு கூம்பு. 1000 அடி உயரத்தில் பறந்தால் கடல்பரப்பில் அந்தக் கூம்பின் ஆரம் ஏறக்குறைய 70 மீட்டர். அலை இருந்தால் இது விரியும். கடந்துபோகும் விமானத்தின் ஓசை நீருக்கடியில் சில நொடிகளே இருக்கும். ஒரே இடத்தில் வட்டமடித்தாலோ, ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே மிதந்தாலோ கதை மாறிவிடும். மூச்சுவிட மேலே வரும் திமிங்கிலத்துக்கோ காற்றோசையும் சேர்த்தே கேட்கும்.

ஆஸ்திரேலிய விதி இந்த அறிவியலோடு பொருந்திப் போகிறது. திமிங்கிலத்தைச் சுற்றி 300 மீட்டர் ஆரத்துக்குள் இறக்கை விமானம் 1000 அடிக்குக் கீழே வரக்கூடாது. ஹெலிகாப்டருக்கு 500 மீட்டர், 1650 அடி. எதிரே நேருக்கு நேராக வரவும் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈனவும் வளர்க்கவும் விட்சண்டே பக்கம் வருகின்றன. அங்கே குறித்துவைத்த பாதுகாப்புப் பகுதியில் படகுகளும் 100 மீட்டருக்குப் பதில் 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சுற்றுலா விமானத்துக்கும் அதுதான் நல்ல வியாபாரக் காலம் என்பது சங்கடமான பொருத்தம்.

நியூசிலாந்தின் 1992ஆம் ஆண்டு விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி உண்டு: பறப்பவரின் பாதுகாப்புக்குக் கேடில்லாமல், விமானத்தின் நிழல் கடல் பாலூட்டியின் மேல் விழாதபடி பறக்கவேண்டும். கைகூரா கடற்கரையில் ஸ்பெர்ம் திமிங்கிலங்களைக் காட்டும் விமானங்களுக்கும் இது பொருந்தும். எழுதியவர் திமிங்கிலத்தின் பக்கமிருந்து மேலே பார்த்து எழுதியிருக்கிறார்.

உயர்த்தினால் குறையுமா, பரவுமா?

தூரம் இரண்டு மடங்கானால் ஓசை சுமார் 6 டெசிபெல் குறையும். 500 அடியில் பறந்த விமானத்தை 1000 அடிக்கு ஏற்றினால் நேர் கீழே இருக்கும் பறவைக்கு அது பெரிய நிம்மதி. 2000 அடிக்கு ஏற்றினால் இன்னும் 6. ஆனால் உயரே போகப்போக ஓசை அகலமாகவும் பரவுகிறது. முன்பு மலைமுகடு மறைத்த அடுத்த வளைகுடாவுக்கும் இப்போது மெல்லிய இரைச்சல் எட்டும். கூட்டுக்கு அருகே உயர விதி கட்டாயம் தேவை. அமைதியைத் தேடி ஒரு தீவில் கூடாரம் போட்டிருப்பவருக்கு அது மட்டும் உதவாது. அவருக்கு எத்தனை முறை என்பதுதான் கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விமானத்தின் ஓசை 3 நிமிடம் கேட்கிறது, நாளொன்றுக்கு 40 விமானங்கள் கடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஒன்றுகூட விதியை மீறவில்லை.

இந்த இடத்தில்தான் விட்சண்டேக்கான 1998ஆம் ஆண்டு மேலாண்மைத் திட்டம் கவனிக்கத்தக்கது. அது கடற்பகுதியை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. முதல் தரம் துறைமுகமும் விடுதியும் உள்ள வளர்ந்த இடம். இரண்டாவது அதிகப் பயன்பாடு. மூன்றாவது மிதமானது, ஒரு குழுவில் 40 பேர் வரை. நான்காவது இயற்கையாகவே விடவேண்டியது, 15 பேர் வரை. ஐந்தாவது பொத்திக் காக்கவேண்டியது. முதலில் ஒவ்வொரு வளைகுடாவும் எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற கூட்டத்தையும் படகையும் அனுமதிக்கும் முறை இது. நீர்விமானமும் ஹெலிகாப்டரும் விரும்பிய இடத்தில் இறங்கிவிட முடியாது. அனுமதிச் சீட்டில் இடம் குறிக்கப்படும். இந்தச் சிந்தனையை இறங்கும் இடத்தோடு நிறுத்தாமல் கடந்துபோகும் தடத்துக்கும் முழுமையாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. 15 பேருக்கு மேல் வரக்கூடாது என்று காக்கப்படும் ஒரு வளைகுடாவின் மேல் காலை முதல் மாலை வரை விமானங்கள் போய்க்கொண்டிருந்தால், கீழே காத்த அமைதிக்குப் பொருள் இல்லை.

இந்தத் தீவுகளிலும் கடலிலும் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த ஙாரோ மக்களுக்கு இது அவர்களுடைய மண். ஹுக் தீவின் நாரா கடல்நுழைவில் அவர்களின் பாறை ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. எந்த இடத்தின் மேல் பறக்கலாம் என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் இருப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. எந்த இடம் எதற்கானது என்பதை அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது நடக்காத காரியமா? அமெரிக்கா தேசியப் பூங்காக்களுக்கு மேலே சுற்றுலா விமானங்களை ஒழுங்குபடுத்த 2000இல் சட்டம் போட்டது. இருபது ஆண்டுகள் ஏறக்குறைய எதுவும் நகரவில்லை. 2020இல் நீதிமன்றம் கெடு வைத்த பிறகே திட்டங்கள் வரத் தொடங்கின. எரிமலையிலிருந்து கடற்கரை வரை நீளும் ஹவாய் எரிமலைகள் பூங்காவில் 2017 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 11,376 சுற்றுலாப் பறத்தல்கள் நடந்தன. அதற்கான திட்டம் 1,548 என்று வரம்பு வைத்தது. எண்ணிக்கையைக் குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று. நீதிமன்றம் தள்ளாமல் எந்தத் துறையும் தானாக இதைச் செய்வதில்லை என்பதற்கும் இதுவே சான்று.

விமானிகளை எதிரியாக்காமல்

விமானமே வேண்டாம் என்று சொல்வது சரியல்ல. 2016இல் கிரேட் பேரியர் ரீஃபின் பவளம் வெளுத்தபோது, 911 திட்டுகளை வானிலிருந்து பார்த்துத்தான் அதன் அளவை உலகம் அறிந்தது. வெளுப்பே இல்லாமல் தப்பியவை 68 மட்டும். கடற்பசுக்களை எண்ணுவதும் சுமார் 500 அடி உயரத்தில் பறந்துதான். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்த நமக்கும் இந்தக் கலை தேவைப்படும். தினமும் பறக்கும் சுற்றுலா விமானிகள் எண்ணெய்ப் படலத்தையும் தரைதட்டிய படகையும் தவிக்கும் திமிங்கிலத்தையும் முதலில் பார்ப்பவர்களாகவும் இருக்கமுடியும்.

பாதுகாப்பையும் மறக்கக்கூடாது. 2018 மார்ச் 21 அன்று ஹார்டி ரீஃபில் மிதவைத் தளத்தில் இறங்க வந்த ஹெலிகாப்டர் கடலில் விழுந்து அமெரிக்கப் பயணிகள் இருவர் இறந்தார்கள். கடல்மேல் சிறு தளத்தில் இறங்குவது எளிய வேலை இல்லை. மேகம் 1200 அடியில் கவிந்திருக்கும்போது கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானி 1500 அடிக்கு ஏற முடியாது. அதனால்தான் எல்லா உயர விதியிலும் ஆபத்து நேரத்துக்கும் ஏறி இறங்குவதற்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் அடிக்கடி மேகம் கவியும் கரையில் விலக்கே வழக்கமாகிவிடும். அங்கே சரியான விதி “தாழப் பறக்காதே” என்பது அல்ல. “மேகம் இவ்வளவுக்குக் கீழே இருந்தால் இந்தத் தடத்தில் இன்று பறப்பு இல்லை” என்பதுதான். பயணியின் உயிருக்கும் அதுவே நல்லது.

கடைசியாக, யார் எண்ணுவது? தரையிலிருந்து அண்ணாந்து பார்த்து 800 அடியா 1000 அடியா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வழக்கும் அதனாலேயே நிற்காது. ஆனால் இப்போது ஏடிஎஸ்-பி கருவி பொருத்திய விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் நொடிக்கு நொடி ஒலிபரப்புகிறது. கரையில் ஒரு சிறு அலைவாங்கிக் கருவி இருந்தால் அத்தனையும் பதிவாகிவிடும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை ஏற்கெனவே இந்தப் பதிவுகளைக் கொண்டு தன் பூங்காக்களின் மேல் நடக்கும் பறத்தலை ஆராய்கிறது. கடல் பூங்காவில் சுற்றுலா விமானத்துக்கு அனுமதி தரும்போதே இந்தக் கருவியை நிபந்தனையாக்கவேண்டும். தடங்களை மாதாமாதம் பொதுவில் வெளியிடவேண்டும். பறவைகள் கூடுகட்டும் பருவமும் திமிங்கிலங்கள் குட்டி ஈனும் பருவமும் முடிந்ததும் விமானிகள், பூங்கா அலுவலர்கள், பறவை கணக்கெடுப்பவர்கள், அந்த மண்ணின் மக்கள் எல்லாரும் அந்த வரைபடத்தை நடுவில் விரித்து, அடுத்த ஆண்டுக்கான தடத்தையும் எண்ணிக்கையையும் அங்கேயே தீர்மானிக்கவேண்டும்.